கரடி கேட்... கொத்தமல்லி பீர்!

நம்ம ஊரில் பீருக்கு மார்க் போடுவது ரொம்ப சுலபம். இரண்டே மார்க்தான். ஒன்று, ‘கூலிங் இருக்கு’. இன்னொன்று, ‘கூலிங் இல்லை’. கம்பி வலைக்குள் கையை நீட்டி, “அண்ணே, கூலிங் இருக்கா?” என்று கேட்டு, “இல்லப்பா... வேணும்னா எடு, வேணாம்னா நகரு” என்று பதில் வாங்கிய அனுபவம் இல்லாதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம். எங்கே காய்ச்சினது, என்ன ருசி, என்ன வாசனை... இதையெல்லாம் நாம் விசாரித்ததே கிடையாது. பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஜில்லென்று இருந்தால் பாஸ்!

இந்தப் பாடத்திட்டத்தில் தேறிய என்னை, 2025 மே மாதம், எடின்பரோ நகரத்து பப் ஒன்றில் உட்காரவைத்து, “ஒவ்வொண்ணா ருசிச்சுப் பார்த்து மார்க் போடுறா” என்றான் நண்பன்.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சியில் பி.காம். படித்தபோது என் பெஞ்ச்காரன். பாலன்ஸ் ஷீட் எனக்கு டேலி ஆகாது. அவனுக்கு எப்போதும் ஆகும். அவன் அப்பாவுக்கு காந்தி மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை. மிளகாய் மூட்டை, மல்லி மூட்டை, வெல்ல மண்டி என்று வளர்ந்ததில் அவனுக்குப் பரம்பரைச் சொத்தாகக் கிடைத்தது ஒரு மூக்கு. ஹாஸ்டல் மொட்டை மாடியில் மூன்று பேர் சேர்ந்து ஒரே ஒரு 650 மில்லி பாட்டிலை எவர்சில்வர் டம்ளரில் பங்கு போட்டுக்கொண்ட அந்த முதல் நாளிலேயே, நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று விழுங்க, அவன் மட்டும் மோந்து பார்த்துவிட்டு, “ஊறப்போட்டு மறந்த கோதுமைடா இது” என்றான். பிறகு அவனும்தான் குடித்தான். அதற்கப்புறம் பல வருஷங்கள் எங்கள் எல்லோரையும்விட நன்றாகவே குடித்தான். இப்போது எடின்பரோவில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறான். மனைவி, ஆறு வயசில் ஒரு பெண்.

“வாடா, நான் லீவு போட்டு ஊர் காட்டுறேன்” என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போய்விட்டேன். டிக்கெட் பணம் கிரெடிட் கார்டில் மாதத் தவணையாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது தனிக் கதை.

முதல் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம். சாயங்காலம் என்றால் மணி எட்டு. வெயில் என்னவோ நம்ம ஊர் நாலரை மணி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பப் கவுன்ட்டரில் நீள நீளமாகக் கைப்பிடிகள். தெருமுனை அடிபம்பு ஞாபகம் வந்தது. அதே டெக்னிக்தான். கீழே நிலவறையில் பீப்பாய். மேலே ஆள் நின்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தால், நுரையோடு கிளாஸில் இறங்குகிறது. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. பளிச்சென்ற தாமிர நிறம். ஆசையாக வாயில் வைத்தேன்.

கூலிங் இல்லை!

“டேய், சூடா இருக்கு” என்றேன். சூடு என்று சொல்லக்கூடாது. நிலவறைக் குளிர்ச்சி, 12 டிகிரி பக்கம் இருக்கும். நம் நாக்குக்கு அது சூடு. “கெட்டுப்போகலைடா. அப்படித்தான் குடிக்கணும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த சாம்பாரை அப்படியே ஊத்திச் சாப்பிட்டா ருசி தெரியுமா? ஜில்லுன்னு இருந்தா நாக்கு மரத்துப்போயிரும்” என்றான். இத்தனை வருஷமாக நாம் ஏன் கூலிங் கேட்டோம் என்று எனக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது. ருசி தெரியக்கூடாது என்றுதான்!

சுவரில் அந்த பீரின் பெயர் ‘எண்பது ஷில்லிங்’ என்று எழுதியிருந்தது. ஸ்காட்லாந்தில் இது பழைய பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய் என்ன விலையோ, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அறுபது ஷில்லிங் லேசானது, எழுபது நடுத்தரம், எண்பது கொஞ்சம் கனமானது, அதற்கு மேலே போனால் ரொம்பக் கனம். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட ஆனந்தம் வேறென்ன வேண்டும்? சரக்கின் பெயரே எம்.ஆர்.பி.! இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, எண்பது ஷில்லிங் நான்கு பவுண்டு. அன்றைக்கு அது ஒரு பீப்பாய் விலை. இன்றைக்கு எடின்பரோவில் அந்தக் காசுக்கு ஒரு பைன்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1971-ல் ஷில்லிங் கணக்கையே ஒழித்துவிட்டார்கள். பெயர் மட்டும் அடிபம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பாக்கெட் நோட்டை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. வரவு: பிஸ்கெட் மாதிரி ஒரு வாசனை, சர்க்கரை தீய்ந்த ருசி, கசப்பு கம்மி. பற்று: கூலிங். பத்துக்கு ஆறரை.

பீருக்கு இப்படி முறையாக மார்க் போடுவதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஜாக்சன். அவர் இல்லை சார்! இவர் தாடி வைத்த இங்கிலாந்துப் பத்திரிகையாளர். 1977-ல் உலக பீர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டவர். 2007-ல் காலமானார். அந்த மைக்கேல் நிலாவில் நடப்பது போல் நடந்தார், இந்த மைக்கேல் பப் பப்பாக நடந்தார். இரண்டாமவர் வேலைதான் எனக்கு ஒத்துவரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பன் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். இர்ன் ப்ரூ. ஸ்காட்லாந்தின் தேசிய கலர். (நம்ம ஊரில் ‘ரெண்டு கலர் குடு’ என்போமே, அந்தக் கலர்.) “என்னடா இது?” என்றால், “வண்டி ஓட்டணும்டா. இங்க 2014 டிசம்பர்லேர்ந்து சட்டம் கடுமை. இங்கிலாந்துல நூறு மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் வரைக்கும் விடுவான். இங்க 50-தான்” என்றான். சட்டத்தை மதிக்கிற நாட்டில் வாழ்கிறவன் என்று பெருமையாக இருந்தது. நாங்கள் அன்றைக்கு வீட்டிலிருந்து பப்புக்கு நடந்துதான் வந்திருந்தோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

* * *

சனிக்கிழமை காலை காரில் கிளம்பினோம். எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 30 மைல். பீபிள்ஸ் என்ற ஊரைத் தாண்டி, ட்வீட் நதியோரமாக இன்னர்லீதன் என்ற சின்ன ஊர். அங்கேயிருந்து ஆற்றைத் தாண்டினால் ட்ரக்வேர் மாளிகை. அதற்குள் ஒரு பீர் ஆலை. இதுதான் திட்டம்.

ஸ்காட்லாந்து பீர் என்றதும் எனக்குத் தெரிந்ததெல்லாம் 2007-ல் ஃப்ரேசர்பரோவில் இரண்டு இளைஞர்கள் ஆரம்பித்த ‘ப்ரூடாக்’தான். 2010-ல் 55 சதவீத ஆல்கஹாலோடு ஒரு பீர் செய்து, அந்த பாட்டிலைச் செத்துப்போன அணிலின் பாடம் செய்த உடம்புக்குள் செருகி விற்றார்களே, அவர்கள். அங்கே போகலாமா என்றதற்கு நண்பன், “அந்த சர்க்கஸ் வேணாம்டா. அவங்க பொறக்கிறதுக்கு முன்னாடியே, 1965-லயே ஒருத்தர் சத்தம் போடாம ஆரம்பிச்சுட்டார். அதைக் காட்டுறேன் வா” என்று சொல்லிவிட்டான்.

பின்சீட்டில் அவன் பெண். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சின்னதாக எது இருந்தாலும் ‘வீ’. சின்னப் பை, வீ பை. சின்னத் தூக்கம், வீ தூக்கம். இவள் பிறந்து வளர்ந்தது அங்கேதானே? “மாமா, உங்களுக்கு வீ தொப்பை இருக்கு” என்றாள். அவள் அம்மா, “ஏய், பெரியவங்கள அப்படிச் சொல்லக்கூடாது” என்று அதட்டினாலும், ‘வீ’ என்று சொன்னதற்காக நான் அவளை மனசுக்குள் வாழ்த்தினேன்.

இன்னர்லீதனில் ஒரு பழைய அச்சகத்தை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1866-ல் ஸ்மெயில் என்பவர் ஆரம்பித்தது. ஈய எழுத்துகளைக் கையால் கோப்பார்கள். பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எதிரே சாப்பாட்டு விடுதிக்குள் போனேன். அங்கே அடிபம்பில் ‘பேர் ஏல்’. கரடி பீர்! ட்ரக்வேரில் காய்ச்சுவதுதான். 5 சதவீதம். முந்தின நாள் குடித்ததைவிடக் கொஞ்சம் உலர்ந்த ருசி. ஆரஞ்சுப் பழத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மாதிரி ஒரு கசப்பு கடைசியில் வந்து போகிறது. மீன் வறுவலுக்குப் பொருத்தம். பத்துக்கு ஏழு. நண்பன் கிளாஸை வாங்கினான், மூக்குக்குக் கீழே ஒரு சுற்று சுற்றினான், திருப்பிக் கொடுத்தான். “ஏழரை போடலாம்” என்றான். முன்னால் அவனுடைய கலர்.

“ஏழரை நமக்கு ஆகாதுடா” என்று ஏழிலேயே நிறுத்திக்கொண்டேன்.

* * *

கரடி ஏன் என்பது சாப்பிட்டு முடித்துப் போனபிறகுதான் தெரிந்தது. சாலையோரத்தில் இரண்டு பெரிய கல் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு கல் கரடி. நடுவில் இரும்பு கேட். பூட்டியிருக்கிறது. கேட்டுக்குப் பின்னால் மாளிகை வரைக்கும் நேராக ஒரு பாதை. அதில் வண்டித் தடமே இல்லை, முழுக்கப் புல். ஏன் என்றால், அந்த கேட்டை மூடி 280 வருஷம் ஆகிறது!

கதை இதுதான். ஸ்டூவர்ட் வம்சத்து ராஜா ஒருவரை 1688-ல் துரத்திவிட்டு வேறு ஆளைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். துரத்தப்பட்டவரின் பேரன் சார்லஸ் எட்வர்ட், 1745-ல், “தாத்தா சொத்து எனக்கு” என்று ஸ்காட்லாந்தில் வந்து இறங்கிப் படை திரட்டினான். வயசு 24. பார்க்க அழகன். ட்ரக்வேர் குடும்பம் அவன் கட்சி. மாளிகைக்கு வந்தான், விருந்து சாப்பிட்டான், கிளம்பினான். அவன் போனதும் மாளிகைக்கார பிரபு இந்த கேட்டைச் சாத்தச் சொன்னார். “மறுபடி ஒரு ஸ்டூவர்ட் சிம்மாசனம் ஏறும்வரைக்கும் இது திறக்காது” என்று சத்தியம்.

அடுத்த வருஷம், 1746 ஏப்ரல் 16, கலோடன் யுத்தத்தில் அவன் படை தூள் தூளாகிவிட்டது. அவன் தப்பி ஓடி, கடைசியில் 1788-ல் ரோமில் செத்துப்போனான். குடியால் கெட்டு நொந்துபோய் செத்தான் என்பது சரித்திரம். அவன் தம்பி ஒருத்தன், பாதிரியாராகி கார்டினல் ஆனவன். அவனும் 1807-ல் போய்ச் சேர்ந்தான். அந்த நேர் வாரிசு அதோடு சரி. வரவேண்டிய ஆளே இல்லை. ஆனாலும் கேட் மூடியே இருக்கிறது. 2023-ல் சார்லஸ் என்ற பெயரிலேயே ஒருவருக்கு முடிசூட்டினார்கள். ம்ஹூம்! வேறு சார்லஸ். வீட்டுக்காரர்களே பக்கத்துப் பாதை வழியாகத்தான் போய்வருகிறார்கள். (மனைவியை இழந்த இன்னொரு பிரபு, அடுத்த எஜமானி வரும்வரை திறக்காதே என்று மூடினார் என்றும் ஒரு கதை உண்டு. எது நிஜமோ, பூட்டு நிஜம்.)

அந்தக் காலத்தில் இவர்கள் கட்சிக்காரர்கள் விருந்துகளில் ராஜாவுக்கு ‘சியர்ஸ்’ சொல்லும்போது, கிளாஸைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்களாம். ‘தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராஜாவுக்கு’ என்று அர்த்தம். கடல் தாண்டி ஒளிந்திருந்தவனுக்கு வாழ்த்து. தண்ணிக்கு இந்தப் பக்கம் இருக்கும் ராஜாவின் போலீஸ் எதுவும் சொல்ல முடியாது!

நான் கேட் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பனின் போனில் அலாரம் அடித்தது. மணி 2.45. அணைத்தான். “எதுக்குடா அலாரம்? மாத்திரையா?” என்றேன். “சும்மா... தினமும் அடிக்கும்” என்றான். அவன் மனைவி குழந்தையின் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள். கயிறு ஏற்கெனவே சரியாகத்தான் கட்டியிருந்தது.

மாளிகை என்றால் மைசூர் அரண்மனை மாதிரி நினைக்க வேண்டாம். வெளிறின சுண்ணாம்புச் சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள், நாலு மாடி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய பண்ணை வீடு, கொஞ்சம் குளிரில் விறைத்துப்போன மாதிரி. ஆனால் ஸ்காட்லாந்தில் ஆள் குடியிருக்கும் வீடுகளிலேயே இதுதான் பழையது என்கிறார்கள். 1107-லிருந்து கணக்கு. இருபத்தேழு ராஜா ராணிகள் வந்து போயிருக்கிறார்களாம். 1566-ல் மேரி ராணி வந்து தங்கினபோதே இங்கே பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கத்தோலிக்கக் குடும்பம். அந்த மதத்துப் பூசையே குற்றம் என்றிருந்த காலத்தில், பாதிரியார் தப்பித்து ஓட ஒரு ரகசிய மாடிப்படி வைத்திருந்தார்கள். அது இன்னமும் இருக்கிறது. என் வீ தொப்பை அதில் நுழையுமா என்று குழந்தைக்குச் சந்தேகம்.

பீர் ஆலை ஒரு பக்கத்துக் கட்டடத்தில். மேலே பிரார்த்தனைக் கூடம், கீழே கொப்பரை! 1739-ல் வைத்த 200 காலன் செப்புக் கொப்பரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் காய்ச்சுவதை நிறுத்திவிட்டு, தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையாக்கிவிட்டார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்து, 1965-ல், பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் என்ற அந்த வீட்டின் இருபதாவது வாரிசு சாமான்களை ஒதுக்கிப் பார்த்தால், கொப்பரை, ஓக் மரத் தொட்டி எல்லாம் அப்படியே இருந்தன. இன்னொருவராக இருந்தால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டிருப்பார். இவர் அடுப்பை மூட்டினார். பெரிய கம்பெனிகள் சின்ன ஆலைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. புத்தக மதிப்பு பூஜ்யமாகிப்போன ஒரு சொத்திலிருந்து வருமானம்! பி.காம். பரீட்சையில் இதைக் கேட்டிருந்தால் நான் தேய்மானம் போட்டுத் தூக்கி எறிந்திருப்பேன். 1990-ல் அவர் இறந்தபிறகு மகள் கேத்தரின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

செய்முறை நமக்குத் தெரிந்ததுதான். பாட்டி கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பாளே, அதேபோல் பார்லியை முளைகட்டி வறுத்துக் காயவைக்கிறார்கள். வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புக் கஷாயம். அதைக் கொப்பரையில் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் இட்லி மாவு மாதிரி பொங்குகிறது. எல்லா இடத்திலும் இப்போது எவர்சில்வர் தொட்டியில் பொங்கவிடுகிறார்கள். இங்கே ஓக் மரத் தொட்டி. மரம் மூச்சு விடும், கழுவுவது கஷ்டம், பராமரிப்புச் செலவு அதிகம். செலவு கூடுகிறதே என்று மாற்றவில்லை. ஹாப்ஸ் மட்டும் தெற்கே இங்கிலாந்தின் கென்ட் பக்கத்திலிருந்து வருகிறது.

கடையில் ‘ஹவுஸ் ஏல்’ இரண்டு, ‘ஜேக்கபைட் ஏல்’ ஒன்று வாங்கினேன். 330 மில்லி பாட்டில்கள். முதலாவது 7.2 சதவீதம், இரண்டாவது 8. ஸ்காட்லாந்தில் ஆல்கஹாலை யூனிட் கணக்கில் அளக்கிறார்கள். சுத்த ஆல்கஹால் 10 மில்லி இருந்தால் ஒரு யூனிட். 2018-லிருந்து ஒரு யூனிட்டை 50 பென்ஸுக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று சட்டம். 2024 செப்டம்பர் 30 முதல் அது 65 பென்ஸ். நோட்டில் கணக்குப் போட்டேன். ஹவுஸ் ஏல் ஒரு பாட்டில் 2.38 யூனிட், குறைந்தபட்ச விலை 1 பவுண்டு 54 பென்ஸ். கடையில் கொடுத்தது அதைவிட எவ்வளவோ கூட. ஆக, இந்தச் சட்டம் இந்த பாட்டிலை ஒன்றும் செய்யாது. மலிவாக வாங்கிக் கணக்கில்லாமல் குடிப்பவர்களுக்கான சட்டம் அது.

“வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல வேணாம்னு 2016-லயே சொல்லிட்டாங்க” என்றான் நண்பன், எதையும் பார்க்காமல், மனப்பாடமாக. “நானெல்லாம்...” என்று ஆரம்பித்தவன், “சரி வா, குழந்தை மேஸ்ல போகணும்னா” என்று நகர்ந்துவிட்டான்.

மேஸ் என்பது ஆள் உயரப் புதர்களால் ஆன புதிர்ப் பாதை. 1981-ல் நட்டது. அரைமணி நேரம் சுற்றினேன். வழி தெரியவில்லை. கடைசியில் ஆறு வயசுப் பெண் கையைப் பிடித்து என்னை வெளியே கூட்டிவந்தாள். ஒரு பைன்ட் கரடிக்கே இந்தக் கதி.

* * *

ராத்திரி வீட்டில் மேஜை போட்டாயிற்று. குழந்தை தூங்கிவிட்டாள். சமையலறையில் மசால் வடை பொரியும் சத்தம். நான் ஹவுஸ் ஏலைத் திறந்தேன்.

நிறம், கருப்பட்டிக் காபி. நுரை பழுப்பு. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, கருப்பட்டிப் பாகும் உலர்ந்த திராட்சையும் சேர்ந்த இனிப்பு. விழுங்கினபிறகு கடைசியில் ஒரு வறுபட்ட ருசி. அதற்கும் பின்னால் லேசாக மரம். கசப்பு உண்டு, கதவோரமாக நிற்கிற விருந்தாளி மாதிரி. தொண்டையிலிருந்து நெஞ்சு வரைக்கும் இதமான சூடு. மடக்கென்று குடிக்கவே முடியாது. குடித்தால் அவமானப்படுத்தின மாதிரி இருக்கும். இந்த வகைக்கு அங்கே செல்லப் பெயர் ‘வீ ஹெவி’. சின்னக் கனம்! பத்துக்கு ஒன்பது. பற்றுப் பக்கம் எழுத எதுவும் தோன்றவில்லை. கூலிங் இல்லை என்பதைக்கூட மறந்துவிட்டேன்.

அடுத்து ஜேக்கபைட். 1745 கலகத்தின் 250-வது வருஷம் என்று 1995-ல் கொண்டுவந்தது. திறந்து, ஊற்றி, முதலில் நண்பனிடம் நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே நின்றான். இரண்டு தடவை இழுத்தான்.

“டேய்... மல்லி!”

“என்ன?”

“கொத்தமல்லி விதைடா. ரசப்பொடிக்கு வறுக்கும்போது முதல் நிமிஷத்துல வருமே, அது. பழைய மல்லி இல்ல. புதுசு. எங்கப்பா கடை மூட்டையைப் பிரிச்ச மாதிரி இருக்கு.”

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் நிஜமாகவே கொத்தமல்லி விதை! ஹாப்ஸுக்கு முன்னே பீரில் மூலிகைகளும் மசாலாக்களும்தான் போட்டார்கள். அந்தப் பழைய கைப்பக்குவத்தில் செய்தது. எடின்பரோவில் பத்து வருஷம் இருந்தும் அவன் இதை மோந்ததில்லையாம். கண் கலங்கியிருந்தது. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. வடைத் தட்டு வந்தது. மசால் வடைக்கும் அந்த பீருக்கும் ஏதோ பூர்வ ஜென்மத்து உறவு.

அந்த உற்சாகத்தில்தான் நான் அதைச் சொன்னேன். நம்ம ஊரில் எல்லோரும் சொல்வதுதான். நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

“டேய், இப்ப வண்டியா ஓட்டப்போற? ஒரே ஒரு வாய். கம்பெனி குடுடா.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“வேணாம்டா” என்றான்.

“பெரிய இவனாட்டம் பண்ணாத. மொட்டை மாடில...”

“வேணாம்டா. நான் விட்டுப் பதினாலு மாசம் ஆச்சு.”

பிறகு, மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னான். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாள். ஒரு வியாழக்கிழமை. மனைவி ஆபீஸ் போயிருந்தாள். மதியம் கொஞ்சம் குடித்தான். அப்போதெல்லாம் மதியமே ஆரம்பித்துவிடுமாம். சோபாவில் சாய்ந்தவன் தூங்கிவிட்டான். மூணேகால் மணிக்கு ஸ்கூல் விடும். எழுந்து பார்த்தால் நாலரை. போனில் ஒன்பது மிஸ்டு கால். ஓடினான்.

“கேட் பக்கத்துல நின்னுட்டிருந்தாடா. ஒரு டீச்சர் கூட நின்னாங்க. மழை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கல. இவளும் அழல. ‘அப்பா, யூ ஸ்மெல் ஃபன்னி’ன்னா. அவ்வளவுதான்.”

கம்பெனிச் சட்டம் ஒரு வருஷம் முழுக்கப் படித்தவன் நான். 1956-ஆம் வருஷத்துச் சட்டம். ஷேர் வாங்கினவனுடைய பொறுப்பு அவன் போட்ட பணத்தோடு சரி, அதற்கு மேலே யாரும் கேட்க முடியாது என்று பதினாறு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் நம்ம ஊர் ‘கம்பெனி குடு’ இருக்கிறதே, அதில் கூப்பிடுகிறவனுக்குப் பொறுப்பே கிடையாது. முழு நஷ்டமும் வந்து உட்கார்ந்தவனுக்குத்தான். காலேஜில் முதல் டம்ளரை அவன் கையில் திணித்தது யார் என்று யோசித்தேன். நான்தான்.

கிளாஸில் பாதி ஜேக்கபைட் மிச்சம். எழுந்து சிங்க் பக்கம் போனேன். “கொட்டாதடா” என்றான். “அந்த ஆளு மரத் தொட்டியில போட்டு மெனக்கெட்டு வந்தது. நீ குடிச்சிட்டு மார்க் போடு. எனக்கு மோந்ததே போதும்.” குடித்தேன். என்ன ருசி என்று கேட்காதீர்கள். நாக்கு மரத்துப்போயிருந்தது. கூலிங் இல்லாமலே. நோட்டில் ஜேக்கபைட்டுக்கு என் மார்க் இல்லை. ‘மோப்பம்: ஒன்பதரை’ என்று அவன் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

காலையில் காபி கொடுக்கும்போது அவன் மனைவி, “அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. பதினாலு மாசத்துல வீட்டுக்குள்ள பாட்டில் வந்தது நேத்துதான். நீங்க வர்றீங்கன்னு அவர்தான் பரவால்லன்னார். நீங்க ‘ஒரு வாய்’னப்ப எனக்குக் கையே ஓடல” என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மிச்சமிருந்த ஹவுஸ் ஏல் பாட்டிலை எங்கேயாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அதை அவள் விடிகாலையிலேயே நியூஸ் பேப்பரில் சுற்றி, என் லுங்கிகளுக்கு நடுவே பெட்டியில் வைத்துவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, நண்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். போனில் அலாரம் அடித்தது. 2.45.

“வரேன்டா” என்றான். கட்டிப்பிடிக்கக்கூட இல்லை. ஓடிப்போய்க் காரில் ஏறி, சிக்னலைப் பார்த்து, சரியான வேகத்தில் போய்விட்டான்.

என் விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். உள்ளே பார் கவுன்ட்டரில் ஓரமாக ஒரு சீட் காலியாக இருந்தது. நாலைந்து அடிபம்புகள் பளபளவென்று நின்றன. உட்கார்ந்து, ஒரு இர்ன் ப்ரூ கேட்டேன். பபிள்கம்மைக் கரைத்துச் சோடா ஊற்றின மாதிரி ஒரு தித்திப்பு. நோட்டைத் திறந்து கோடு போட்டேன். பத்துக்கு மூன்று.

கூலிங் மட்டும் நன்றாக இருந்தது.